ஸ்மதார் நடாத முள்ளங்கி

ஸ்மதார் பராஷியோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் நான்கு கட்டடங்களில் ஒருவரும் கிடையாது. நானும் பல தடவை முயன்று மூக்குடைபட்டிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் ஃப்ரிட்ஜ் பழுதுபார்த்தே பிழைத்தவன் நான். காதை வைத்துக் கேட்டாலே எந்த மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் இவள் எந்த இடத்தில் முறுக்கிக்கொண்டு நிற்பாள் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டதே இல்லை.

ஜெருசலேமில் கதமோன் பக்கம் பஸ் ஏறியவர்களுக்கு அவளைத் தெரிந்திருக்கும். ஐந்தடிகூட இல்லாத உயரம். டிரைவர் சீட்டில் திண்டு போட்டுத்தான் உட்காருவாள். ஹார்ன் அடிக்க மாட்டாள், ஜன்னலைத் திறந்து வாயாலேயே வழி வாங்குவாள். குர்திஸ்தானிலிருந்து வந்த பெற்றோருக்கு எங்கள் மூன்றாவது கட்டடத்தில் பிறந்தவள். புருஷன் கல்யாணமான பத்தாம் வருஷம் அஷ்தோது ஊருக்குப் போனான், திரும்பவில்லை. இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்து வடக்கே கட்டிக்கொடுத்துவிட்டாள். ஓய்வுநாளில் நெருப்பைத் தொடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான் தொழுகைக்கூடத்திலிருந்து திரும்பும் நேரம் பார்த்து பால்கனியில் நின்று சிகரெட் பிடிப்பாள். "நல்ல ஓய்வுநாளா அமையட்டும், பெரியவரே" என்று புகையோடு வாழ்த்தும் சொல்வாள்.

நான் அப்படிப்பட்டவன் அல்ல. தொழுகைக்கூடத்தில் முன்வரிசை நாற்காலி என்னுடையது. எங்கள் இருவரில் யார் வேதத்துக்குப் பயந்தவர் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஹெஸ்கேல் என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இது எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயமில்லை.

நான்கு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது குப்பைமேடு. உடைந்த சோபாக்கள், சிமெண்ட் கட்டிகள், நானே கொண்டுபோய்ப் போட்ட இரண்டு செத்த ஃப்ரிட்ஜுகள். அங்கே யாரோ எப்போதோ வைத்த ஏழெட்டு மரங்கள் மட்டும் குப்பைக்கு நடுவே பிழைத்துக் கிடந்தன. ஸ்மதார் காலை ஷிப்ட் முடித்து வந்து, தினமும் இரண்டு மணி நேரம் ஒற்றை ஆளாகக் குப்பையை இழுத்தாள். பார்த்துக்கொண்டிருக்கக் கூச்சமாக இருந்ததால் நாங்கள் ஒவ்வொருவராக இறங்கினோம். மொத்தம் பதினொரு குடும்பம். நான் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தேன். உக்ரைனின் கார்கோவிலிருந்து வந்த லூபா பீட்ரூட்டும் சோயிக் கீரையும் போட்டாள். இரண்டாவது வருஷமே கடையில் தக்காளி வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

நிலம் எங்களுடையதல்ல, குடியிருப்பை நிர்வகிக்கும் கம்பெனியுடையது. ஸ்மதார் அங்கே நடையாய் நடந்து, ஏழு வருஷத்துக்குத் தன் பெயரில் ஓர் ஒப்பந்தம் வாங்கி வந்தாள். எங்கள் யூதக் காலண்டர்படி, கோடை முடிந்து வரும் புத்தாண்டில் தொடங்கிப் புத்தாண்டில் முடிவது. முடியும்போது கம்பெனி ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாகவே இன்னொரு ஏழு வருஷம் ஓடும். ஆனால் நடுவில் ஆறு மாதம் தொடர்ந்து பயிர் செய்யாமல் போட்டால், கம்பெனி நிலத்துக்குள் பொக்லைனை இறக்கி வேலை தொடங்கிவிடலாம். என்ன வேலை என்று எழுதவில்லை. கார் நிறுத்துமிடம்தான் என்பது ஊருக்கே தெரியும்.

எங்களிடமும் அவள் ஒரு கையெழுத்து வாங்கினாள். ஆறு வருஷம் பயிர், ஏழாவது வருஷம் ஷ்மிதா, நிலத்துக்கு ஓய்வு. விதைப்பதில்லை, உழுவதில்லை, கிளை கழிப்பதில்லை. மரங்கள் செத்துவிடாமல் தண்ணீர் மட்டும் விடலாம். தானாக விளைகிற பழம் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் வந்து வீட்டுக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்ளலாம். நாங்கள் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டோம். ஆறு வருஷம் கழித்து வரப்போவதைப் பற்றி அன்றைக்கே யார் கவலைப்பட்டார்கள்?

வந்தது. ஏழாம் வருஷப் புத்தாண்டுக்கு முதல் நாள் ஸ்மதார் மண்வெட்டிகளையெல்லாம் கழுவி, எண்ணெய் தடவி, தோட்டத்துச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு ஸ்பேனரை எடுத்துவந்து தோட்டத்து இரும்புக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

லூபாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன் ஸ்மதார், கடவுளுக்கு என் பீட்ரூட் மேல என்ன கோபம்?"

"கோபம் எதுவும் இல்ல. அவருக்குப் பீட்ரூட் பிடிக்காதோ என்னவோ" என்றாள் ஸ்மதார்.

நான் நாகரிகமாக எடுத்துச் சொன்னேன். எங்கள் மதகுருக்களான ரப்பிமார் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஏழாம் வருஷத்துக்கு மட்டும் நிலத்தை யூதரல்லாத ஒருவருக்கு விற்றதாக எழுதிவிட்டால், பயிர் பாட்டுக்குப் பயிர் நடக்கும். நாட்டில் பாதி விவசாயிகள் அப்படித்தான் செய்கிறார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னுடையதே இல்லாத நிலத்தை எந்த முகத்தோடு இன்னொருவருக்கு விற்பது என்று கேட்டாள். ஆறு மாத நிபந்தனையை நினைவுபடுத்தினேன். தனக்கும் படிக்கத் தெரியும் என்றாள். தொழுகைக்கூடத்தில் முன்வரிசையில் உட்காரும் எனக்கே இல்லாத அக்கறை, ஓய்வுநாளில் புகைவிடுகிற இவளுக்கு எங்கிருந்து வந்தது? அந்த எரிச்சல் எனக்கு மாதக்கணக்கில் இருந்தது, மறைப்பானேன்.

மழைக்காலம் வந்தது. பாத்திகளில் களை முழங்கால் அளவுக்கு ஏறியது. கம்பெனியிலிருந்து நிம்ரோத் வந்தான். நாற்பது வயது, எப்போதும் காதில் போன், ஆனால் அப்போது அவன் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அதை நான் சாட்சி சொல்வேன். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்மதாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மேடம், மேலிடத்துல ஃபைல் கேக்கிறாங்க. ஒரே ஒரு வரிசை முள்ளங்கி நட்டு வெச்சிடுங்க. மரங்களோட பண்டிகையன்னிக்கு வந்து போட்டோ எடுத்துக்கிறேன். பயிர் இருக்குன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

ஒரு வரிசை முள்ளங்கி. இருபது விதை. என் மூச்சே அப்போதுதான் திரும்பியது.

"முடியாது" என்றாள் ஸ்மதார்.

"ஒரு வரிசைதானே மேடம்."

"ஒரு வரிசைன்னாலும் அது நான் நட்டதுதானே. நீங்க பயமுறுத்துறீங்கன்னு இந்த வருஷம் நான் ஒரு விதை போட்டாலும், அன்னியோட இது உங்க நெலமாயிடும். என் நெலமா இருக்கணும்னா நான் சும்மா இருக்கணும். நான் சும்மா இருக்கப் போறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மரங்களின் பண்டிகையன்று, பாதாம் மரம் பூத்து வெளுத்திருந்த காலையில், ஸ்மதார் ஐந்து மணிக்கு ஷிப்டுக்குப் போனதும் நான் இறங்கினேன். முதல்நாளே நர்சரியில் முப்பது லெட்டூஸ் நாற்று வாங்கி மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். முள்ளங்கி முளைக்க நாளாகும், நாற்றென்றால் போட்டோவில் உடனே தெரியும். மண்வெட்டி பூட்டிக் கிடந்ததால் சமையலறைக் கரண்டியால் களையை ஒதுக்கி, மூன்று வரிசை நட்டு, தண்ணீரும் தெளித்தேன். அன்றைக்கு நாடு முழுக்க ஒவ்வொரு வருஷமும் மரம் நடுகிற குழந்தைகள்கூட ஏழாம் வருஷம் என்பதால் நடாமல் இருந்தார்கள். அறுபத்தேழு வயதுக் கிழவன் நான் மட்டும் நட்டேன். தோட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இரண்டாம் தடவை டீ போட்டுக் குடித்தேன்.

ஒரு மணிக்கு ஸ்மதார் யூனிஃபார்மோடு வந்தாள். பாத்தியைப் பார்த்தாள். நேராக என் கதவைத்தான் தட்டினாள். யார் என்று விசாரிக்கக்கூட இல்லை, என் சட்டைக் கையில் மண் இருந்தது.

"ஏழாம் வருஷத்துல தெரியாம நட்டாலும் தெரிஞ்சு நட்டாலும், நட்டவன்தான் பிடுங்கணும். பழைய சட்டத்துல இருக்கு. உங்களுக்குத் தெரியும், நீங்கதான் முன்வரிசை ஆளாச்சே" என்றாள்.

எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகப் படித்தும் கேட்டும் வந்த வரி அது. சொன்னது வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் கத்தியிருந்தாலும் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, படி இறங்கிப் போய், குனிந்து, காலையில் நட்ட நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

இருபத்தாறாவது நாற்று கையில் இருக்கும்போது நிம்ரோத் கேமராவோடு வந்து நின்றான்.

அவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போட்டோ எடுக்க வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். இங்கே ஒரு கிழவன் இருக்கிற பயிரையும் அவசரமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு காவல் நிற்கிறாள். தன்னைக் கேலி செய்வதற்கென்றே நாங்கள் இந்தக் கூத்தை நடத்துவதாக நினைத்துவிட்டான். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவன் முகம் சிவந்தது. உதவி செய்ய வந்தவனை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்றான். என்னை, பாத்தியை, என் கையில் தொங்கிய லெட்டூஸை என்று வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அதற்குப்பின் அவன் எங்களுக்கு நல்லது நினைக்கவில்லை.

மார்ச்சில் பூரிம் பண்டிகை கழிந்ததும் கடிதம் வந்தது. ஆறு மாதம் பயிர் இல்லை, போட்டோக்கள் இணைக்கப்பட்டுள்ளன, வேலை தொடங்கப்படும். லூபா கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்மதாரோடு பேசுவதை நிறுத்தினாள். மற்றவர்கள் என்னோடும் நிறுத்தினார்கள். ஆறு வருஷ உழைப்பை ஒருத்தியின் பிடிவாதமும் ஒருத்தனின் லெட்டூஸும் சேர்ந்து தின்றுவிட்டன என்று பேச்சு. இந்த ஏசலில் பாதி நியாயம் என்றே எனக்குப் பட்டது. ஒரு சாயங்காலம் ஸ்மதார் தனியாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பயமில்லன்னு நெனைக்கிறீங்களா?" என்றாள். "ராத்திரி பூரா பயந்துகிட்டுதான் படுத்திருக்கேன். முப்பது வருஷமா எவனோ போட்ட ரூட்டுல எவனோ சொன்ன நேரத்துக்கு வண்டி ஓட்டுறேன், ஹெஸ்கேல். இந்த ஒரு எடத்துலதான் நான் சொன்னது நடக்குது. இதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

"அப்ப இப்பவாவது ரெண்டு விதை..."

"மாட்டேன்."

பயத்தையும் பிடிவாதத்தையும் ஒரே மூச்சில் சொல்ல அவளால் மட்டும்தான் முடியும். எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவள் பக்கம் நின்றேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

வசந்தத்தில் லொக்காட் மரங்களில் மஞ்சள் மஞ்சளாகப் பழம் பழுத்தது. கதவு இல்லாத தோட்டம் என்று அக்கம்பக்கத்தில் பரவியிருந்தது. யார் யாரோ வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், நீளக் கோட்டுப் போட்ட வேதபாடசாலை இளைஞர்கள், நாங்கள் ஆறு வருஷமாக நல்ல நாளில்கூட வணக்கம் சொல்லாத நான்காவது கட்டடத்துக்காரர்கள். ஒருத்தி குழந்தை வண்டியை நிரப்பிக்கொண்டு போனாள், குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. ஸ்மதார் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் நிம்ரோத்தோடு பொக்லைன் வந்தது. நான் போன் செய்தபோது ஸ்மதார் பஸ்ஸில் இருந்தாள். கடைசி நிறுத்தத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியை டெப்போவில் நிறுத்தி, பாதி ஷிப்டில் ஓடி வந்துவிட்டாள். அதற்கு இரண்டு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். அவள் வருவதற்குள் பொக்லைன் வழியிலேயே நின்றுவிட்டது. தோட்டத்துக்கு வண்டி ஏறக்கூடிய வழி ஒன்றே ஒன்று, அந்த வழியில் பெரிய ஆலிவ் மரம் ஒன்று நிற்கிறது, அதைத் தாண்டி லொக்காட் மரங்கள். டிரைவர் இறங்கிப் பார்த்தான். செகர்யா என்று பெயர். யேமனிலிருந்து வந்த குடும்பம், வேத வழக்கப்படி வளர்த்த காதோரச் சுருள்முடியைக் காதுக்குப் பின்னால் சொருகியிருந்தான். மரமெல்லாம் பழமாகவும் கீழெல்லாம் ஆட்களாகவும் இருப்பதைப் பார்த்து, என்ன இது என்று கேட்டான்.

"ஷ்மிதாப் பழம். யாருக்கும் சொந்தமில்ல. நீங்களும் பறிச்சுக்குங்க தம்பி" என்றாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஸ்மதார்.

செகர்யா நான்கு பழம் தின்றான். கொட்டைகளைக்கூடக் கீழே போடாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பிறகு நிம்ரோத்திடம் போய், ஏழாம் வருஷத்துப் பழம் புனிதமானது, அதை நாசம் செய்யக் கூடாது, மரத்தில் பழம் இருக்கும்வரை வண்டியை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நிம்ரோத் வேறு டிரைவரைக் கூப்பிடப் போனான். அப்போதுதான் பழமரம் பிடுங்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. சீட்டுக்கு எழுதிப் போட்டான். சீட்டு அதன் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தது.

நாங்கள் கோடை முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தோம். எங்கள் நாள் சூரியன் விழும்போதே பிறக்கும்; புத்தாண்டு பிறக்கிற அந்தச் சாயங்காலத்துக்குள் கம்பெனி வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தம் இன்னும் ஏழு வருஷம் ஓடும். லொக்காட் முடிந்து மல்பெரி, அது முடிந்து அத்தி, திராட்சை. மாதுளை மெல்லச் சிவந்தது. லூபாகூட ஒருநாள் வந்து அத்திப்பழம் பறித்தாள், ஸ்மதாரின் முகத்தைப் பார்க்காமல் பறித்தாள்.

சீட்டு வந்தது வியாழக்கிழமை மாலை. வெள்ளி பாதி நாள், சனி ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்தாண்டு பிறக்கிறது. ஆக நிம்ரோத்துக்கு மிச்சம் இருந்தது ஒரே பகல். பண்டிகைக்கு முந்தின பகலில் எந்த டிரைவர் வேலைக்கு வருவான்? பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் செகர்யா மட்டும்தான் சம்மதித்தான். அதுவும் பழைய நிபந்தனையோடு.

நிம்ரோத் இந்தத் தடவை சட்டம் படித்துவிட்டு வந்திருந்தான். இரண்டு வேலையாட்கள், ஒரு வேன் நிறையக் காலிப் பெட்டிகள்.

"பழம் யாருக்கும் சொந்தமில்லைன்னீங்களே மேடம். அப்ப எனக்கும் உரிமை உண்டுதானே? பறிச்சுக்கிறேன். பழமே இல்லாத மரத்த இவர் பிடுங்கிக்கட்டும்" என்றான்.

நான் உட்பட ஏழெட்டுப் பேர் மாதுளை மரத்தை மறித்து நின்றோம். நான்காவது கட்டடத்துக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். லூபா துடைப்பத்தோடு வந்திருந்தாள். ஸ்மதார் எங்களை விலக்கிக்கொண்டு அறைக்குப் போனாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து நிம்ரோத்தின் முன்னால் சாய்த்து வைத்தாள்.

லூபா ஆறு மாதத்துக்குப்பின் முதல்முதலாக அவளிடம் பேசினாள். "உனக்கென்ன பைத்தியமா?"

"வருஷம் பூரா வந்தவங்ககிட்ட நீ யாருன்னு நான் கேட்டேனா? இவர மட்டும் கேக்கணுமா?" என்றாள் ஸ்மதார். "நமக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும் பொதுன்னா அது பொதுவே இல்ல. பறிக்கட்டும். வழிய விடுங்க."

விட்டோம். அந்த மூன்று மணி நேரத்தை என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன். மாதுளை மரம் இரண்டும் மொட்டையானது. கடைசி அத்திப்பழங்கள் போயின. திராட்சைக் கொடியில் காய்ந்துபோன இரண்டு குலையைக்கூட நிம்ரோத் விடவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, ஆனாலும் மனுஷன் ஓயவில்லை. எங்களில் சிலர் அழுதார்கள். நான் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்மதாரை மனதுக்குள் திட்டினேன். அவள் வழியில் இருந்த ஆலிவ் மரத்தடியில் ஒரு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிகரெட்டைத் தலைமாற்றிப் பற்றவைத்தாள். அதை நான் பார்த்தேன்.

ஐந்தரை மணிக்கு நிம்ரோத் ஏணியிலிருந்து இறங்கி, ஆரம்பிக்கலாம் என்று செகர்யாவுக்குக் கை காட்டினான். செகர்யா என்ஜினைப் போட்டான். ஆலிவ் மரம் வரை வந்தான். நிறுத்தினான். இறங்கி வந்து ஒரு கிளையை வளைத்துப் பார்த்தான். பச்சைப் பசேலென்று, சின்னச் சின்னதாக, ஆயிரக்கணக்கில் காய்.

"இது இன்னும் பறிக்கலையே" என்றான்.

"பறிக்கிறேன், பறிக்கிறேன்" என்று நிம்ரோத் ஏணியை இழுத்தான்.

"பறிக்கக் கூடாது சார். இது பிஞ்சு. ஏழாம் வருஷத்துல பிஞ்சப் பறிச்சா அது நாசம் பண்ணின கணக்கு. பிஞ்சு விட்ட மரத்த வெட்டவும் கூடாது. இது பழுக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"ஒரே மரம் செகர்யா. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுன்னாலும் இதத் தாண்டித்தானே வண்டி உள்ள போகணும்" என்றான் செகர்யா. பிறகு ஸ்மதாரின் பக்கம் திரும்பினான். "எழுந்திரிக்க வேணாம் அக்கா, உக்காருங்க. நான் வீட்டுக்குப் போறேன். குளிக்கணும், தொழுகைக்கு நேரமாச்சு. நல்ல வருஷமா பிறக்கட்டும்."

பொக்லைன் பின்வாங்கித் தெருவில் இறங்குகிற சத்தம் எனக்கு இனிமையாகக் கேட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த மெஷினும் எனக்கு அப்படிக் கேட்டதில்லை. அந்த மரத்தடியில் அவள் தெரிந்தேதான் உட்கார்ந்தாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டாள்.

நிம்ரோத் யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தான். பண்டிகை நேரத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. அவன் முன்னால் பதினான்கு பெட்டி மாதுளை. ஏழாம் வருஷத்துப் பழம், விற்கவும் முடியாது, குப்பையில் கொட்டவும் முடியாது. புத்தாண்டு வழக்கப்படி அன்றிரவு ஊரில் ஒவ்வொரு வீட்டு மேஜையிலும் மாதுளை வேண்டும். நான்கு கட்டடத்திலிருந்தும் பெண்கள் பாத்திரத்தோடு இறங்கி வந்தார்கள். வேறு வழியில்லாமல் அவனே அள்ளி அள்ளிக் கொடுத்தான். லூபா மூன்று பழம் வாங்கி, இரண்டைக் கொண்டுபோய் ஸ்மதாரின் மடியில் வைத்துவிட்டுப் படியேறினாள்.

வெயில் நான்காவது கட்டடத்தின் மாடிக்கு ஏறிவிட்டது. எல்லாரும் போன பின்னும் நிம்ரோத் கையைப் பிசைந்துகொண்டு தோட்டத்தின் நடுவே நின்றான். எங்கே போவது என்று தெரியாதவன்போல இருந்தான். ஸ்மதார் சிகரெட்டை அணைத்தாள், எழுந்தாள், பாவாடையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள்.

"இன்னும் கால் மணி நேரம் இருக்கு" என்றாள். "அதுவரைக்கும் இந்த மண்ணு யாருக்கும் சொந்தமில்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். பொழுது விழுந்ததும் இங்க கால வெக்கணும்னா, என்னக் கேட்டுட்டு வரணும்."